இருபத்து மூன்றாவது வாய்தா

எங்கள் ரோலிங் மில்லில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லோகநாதன், நேரில் பார்த்தால் பரம சாது. கையில் போன் வந்துவிட்டால் போச்சு. ஆரம்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறினால், கும்மிடிப்பூண்டி சிப்காட் வருவதற்குள் ஃபேஸ்புக்கில் நாலு பேரையாவது வம்புக்கு இழுத்துவிடுவான். அவன் கட்சித் தலைவர் மீது பதினான்கு வழக்குகள். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "கேஸு இருந்தா குத்தவாளியா? கோர்ட்டு சொல்லுச்சா?" என்று பாய்வான். அதற்கும் மசியாதவர்களை, எதிர்க்கட்சியிடம் காசு வாங்கியவர்களாக்கிவிட ஒரு கேள்வி வைத்திருந்தான்.

"எவ்ளோ டப்பு வாங்குன நைனா?"

அந்தப் பதினான்கில் ஒன்று அவனுடையதும்கூட. ஐந்து வருடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை மறியலில் பஸ் கண்ணாடி உடைந்த வழக்கு. எஃப்.ஐ.ஆரில் தலைவர் பெயர் முதலாவது; கொடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற லோகநாதன் பெயர் பதினேழாவது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்ட மாதிரி அதை எல்லோரிடமும் காட்டுவான். தலைவரின் வக்கீல் ஒவ்வொரு முறை வாய்தா வாங்கும்போதும் சிங்கம் படம் போட்டு, "எங்க வக்கீலாண்ட எவனும் வாலாட்ட முடியாது" என்று எழுதுவான்.

எட்டு வருடம் கான்ட்ராக்டில் உழைத்தவனுக்குப் போன மாதம் பர்மனென்ட் ஆகும் யோகம் வந்தது. அவன் மனைவி புவனேஸ்வரி அன்றே அங்காளம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள் மீது குற்ற வழக்கு உள்ளதா? நாங்களாக இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாலு பேரிடம் யோசனை கேட்டிருப்போம். இவன் வேட்புமனு தாக்கல் செய்வதாகவே நினைத்துக்கொண்டான். "ஆம். அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போடப்பட்ட பொய் வழக்கு. சட்டப்படி சந்திப்பேன்" என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறியும் போட்டான்.

எச்.ஆர். பிரின்சி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

"லோகநாதன், கேஸ் இருந்தா பர்மனென்ட் பண்ண முடியாது."

"இன்னா மேடம், கேஸு இருந்தா குத்தவாளியா? பதினாலு கேஸ வெச்சிக்கினு தலைவரு எம்.எல்.ஏ.வா இல்லியா?"

"எம்.எல்.ஏ.வுக்கா நான் ஆள் எடுக்கறேன்? ஃபோர்க்லிஃப்டுக்குல்ல எடுக்கறேன். மூணு மாசத்துல கேஸ முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க இடத்த நிறுத்தி வைக்கறேன்."

நல்ல மனுஷி. அவன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். வாசல் தாண்டியதும் முகம் சுண்டிப்போனது. வழக்கை முடியவிடாமல் இழுப்பது யார்? இழுக்க இழுக்கச் சிங்கம் போட்டது யார்? எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கட்சி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. இருபத்து மூன்றாவது வாய்தாவாம். அடுத்த விசாரணை ஏழு மாதம் கழித்து. சிங்கங்கள் வந்து குவிந்தன. லோகநாதன் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தான். ஆரம்பாக்கம் நெருங்கும்போதுதான் அனுப்பினான்:

"தலைவா, இந்த ஒரு கேஸ மட்டும் சீக்கிரம் முடிச்சிக் குடுங்க. என் வேல போவுது."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் போட்டது அருண்பாண்டியன், புவனேஸ்வரியின் தம்பி. போன வருடம் அவனுக்கு அரசியல் சொல்லிக்கொடுத்துக் குழுவில் சேர்த்துவிட்டதே லோகநாதன்தான்.

"எவ்ளோ டப்பு வாங்குன மாமா?"