குடத்தில் எடுத்த ஆலோசகர்

எண்பத்தொன்றில் உத்திரமேரூர் டுடோரியலில் நாங்கள் சிலர் தபால் வழியில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படித்தோம். பகலில் நைனாவோடு குவாரியில் ஜல்லி உடைப்பேன். சாயங்காலம் கை காந்தக் காந்த உலக நாடுகளைப் படிப்பேன். அந்தக் காந்தலோடு படித்த மாதிரி அப்புறம் எங்கேயும் படித்ததில்லை.

படித்தால் என்ன வேலை என்று சுவரில் ஓர் அட்டை தொங்கியது. முதல் வரியே ரங்கூனில் வேலை என்றது. ரங்கூனிலிருந்து நம்மாட்கள் மூட்டையோடு திரும்பி வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"இதுக்கு வேலை கீதுன்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும் சுலோச்சனா. இல்லாங்காட்டி தை மாசம் கல்யாணம்தான்" என்றார் நைனா. திருப்புலிவனத்தில் மாப்பிள்ளை தயாராக இருந்தான்.

அட்டையைப் புதுசாக எழுத ஓர் ஆலோசகரை வைக்க, டுடோரியல் நடத்திய வேதாசலம் சார் ஒத்துக்கொண்டார். இரண்டு பேர் கிடைத்தார்கள். மெட்ராசில் ஒரு வெளிநாட்டுத் தூதரக ஆபீசில் இருந்த பாக்கியமேரி; கப்பலில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற வீராசாமி.

"யாருன்னு நாம சொல்லக் கூடாது. கோயில் சொவுத்துல ஆயிரம் வருசமா எழுதிக் கீதே, குடவோலை!" என்று சார் இரண்டு பேரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார். வந்தது வீராசாமி. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீராசாமி வந்தார். நைனா கடைசி பெஞ்சில். துறைமுகம் துறைமுகமாக அவர் சொல்ல, வயிறு நோகச் சிரித்தோம். அப்படி ஒரு ஞாயிறு திரும்ப வரவேயில்லை. கடைசியில் நான் எழுந்தேன்.

"ஐயா, இதைப் படிச்ச பொண்ணுக்கு இன்னா வேலை?"

"தெரியாதே கண்ணு. எங்க கப்பல்ல பொண்ணுங்களே கெடையாது."

நைனா துண்டை உதறி எழுந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"சார், குடத்துல இன்னொரு அம்மா பேரு போட்டீங்களே, எங்க கீறாங்க?"

"மெட்ராசுல. ஆனா ஓலை வர்லையேப்பா."

"குவாரில மேஸ்திரியக்கூட நாங்க குலுக்கி எடுக்கறதில்ல சார்."

சாருக்கு முகம் கறுத்தது. "அப்போ கல்வெட்டு தப்பாய்யா?"

"அது ஊருக்கு. இது எம் பொண்ணுக்கு."

மறுநாள் வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பாக்கியமேரி என் கைக்காய்ப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"வேலை இருக்கு. ஆனா பிரெஞ்சு படிக்கணும். ரெண்டு வருஷம் ஆகும். முடியுமா?"

நான் வாய் திறப்பதற்குள் நைனா சொன்னார்:

"எம் பொண்ணு கத்துக்கும்மா. கல்யாணம் கெடக்கட்டும்."