கன்னி ராசிக்குச் செலவு

முகம்மது யூசுப் ராசிபலன் எழுத வந்தது கடன் தொல்லையால்தான். கிரகங்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. சிவகாசியில் ஒரு பெரிய அச்சகத்தில் பதினெட்டு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்தவர் காலண்டருக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த மனிதர், 2005 சித்திரையில் திடீரென்று ரோஷம் வந்து வேலையை விட்டார். ரோஷம் வந்தது சரி, கூடவே கொஞ்சம் முதலும் வந்திருக்கலாம். வரவில்லை. மனைவி குல்சார் பேகத்தின் வளையல்கள் அடகுக்குப் போயின. தவணைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை கிடைத்தது, வாசலில் ‘நூர் காலண்டர்ஸ்’ என்று போர்டு ஏறியது. ஆக, முதலாளி ஆகிவிட்டார். பழைய முதலாளியோ அந்த ஸ்டூலில் வேறு ஆளை உட்காரவைக்கவில்லை. தை வரைக்கும் அது சும்மா கிடக்கட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். திட்டியிருந்தால்கூட யூசுப் தாங்கியிருப்பார். அந்தப் பொறுமையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஐப்பசியில் முதல் பெரிய ஆர்டர் வந்தது. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்தும் தனுஷ்கோடி அண்ணாச்சி, தன் டீலர்களுக்குக் கொடுக்க ஐயாயிரம் தினசரி காலண்டர் கேட்டார். ஊரில் எல்லோரும் சொன்ன விலையைவிட யூசுப் காலண்டருக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லியிருந்தார். அந்த ஒரு ரூபாயை எங்கே மிச்சம் பிடிப்பது என்பதை ஆர்டர் எடுத்த பிறகுதான் யோசித்தார்.

அச்சடித்த தேதித் தாள்களைப் பெரிய அச்சகங்களில் கட்டாக வாங்கி அட்டையில் தைத்துக் கொடுப்பதுதான் சின்ன ஆட்களின் வழக்கம். யூசுப் தாளையும் தானே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். திதியும் நட்சத்திரமும் ராகு காலமும் லட்சுமிகாந்தம் ஜோசியரிடம் விலைக்குக் கிடைத்தன. அடியில் வரும் ராசிபலனுக்கு மட்டும் அவர் தனியாக மூவாயிரம் கேட்டார், அதுவும் முன்பணமாக.

ராசிபலன் என்றால் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு சொல். மேஷம் லாபம், ரிஷபம் சுகம், மிதுனம் பெருமை, அவ்வளவுதான். இந்த ஜில்லாவில் பாதிப் பேர் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் படிக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு நாலாயிரத்து முந்நூற்று எண்பது சொல். மூவாயிரத்தை மிச்சம் பிடிக்க, யூசுப் தானே உட்கார்ந்துவிட்டார்.

“இது நமக்கு ஆகுமாங்க?” என்று குல்சார் கேட்டாள்.

“நான் ஜோசியமா சொல்லுதேன்? டைப்தானே அடிக்கேன்” என்றார்.

முதல் தாளில் லாபமும் சுகமும் தாராளமாக விழுந்தன. இரண்டாம் தாளுக்குப் போவதற்குள் பேப்பர் கடைக்காரர் வந்து, ஜனவரி முப்பத்தொன்றுக்குள் அறுபதாயிரம் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் போனால் கடை போயிற்று. கடை போனால் ஸ்டூல்தான். அன்றிலிருந்து யூசுப்பின் விரல்கள் தம் இஷ்டத்துக்கு அடித்தன. கடகம் கலக்கம். சிம்மம் தவணை. கன்னி விரயம். மகரம் ‘போன் எடுக்காதே’. ‘செலவு’ என்ற சொல்லை மட்டும் அவரால் அடிக்க முடியவில்லை. அதைப் பார்த்தாலே வாய் கசந்தது. தீபாவளித் தாளில் மட்டும், ஊரே செலவழிக்கும் நாளாயிற்றே என்று பன்னிரண்டு ராசிக்கும் ‘செலவு’ போட்டு ஒரேயடியாக அந்தச் சொல்லின் கடனைத் தீர்த்தார்.

காலண்டர் நல்லபடியாக டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. பாக்கி அறுபத்திரண்டாயிரம். ஜனவரி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, அதை வாங்க யூசுப் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

“வாங்க பாய், உக்காருங்க. சாப்பிட்டீகளா?” என்றார் அண்ணாச்சி. மரியாதை தெரிந்த மனிதர். டீ வந்தது, வடை வந்தது, பணம் வரவில்லை. அண்ணாச்சி தலைக்கு மேல் தொங்கிய காலண்டரைக் காட்டினார். “என் ராசி கன்னி. இன்னைக்குக் கன்னிக்கு ‘விரயம்’னு போட்டிருக்கு. இன்னைக்கு நான் அஞ்சு காசு எடுத்தாலும் அது விரயமாத்தான் போகும். உங்க பணம் விரயமாகலாமா? இன்னொரு நாள் வாங்க.”

வியாழக்கிழமை போனார். கன்னிக்கு ‘ஏமாற்றம்’.

அடுத்த திங்கட்கிழமை போனபோது வாசலிலேயே எட்டிப் பார்த்துவிட்டார். கன்னிக்கு ‘வரவு’. மனசு குளிர்ந்து உள்ளே நுழைந்தார்.

“வரவுன்னு போட்ட அன்னைக்கு யாராவது வெளியே குடுப்பாகளா பாய்? வர்ற பணம் வாசலோட திரும்பிரும்ல” என்றார் அண்ணாச்சி, குழந்தைக்குச் சொல்வதைப் போல.

“அப்ப என்ன போட்டிருந்தாத்தான் அண்ணாச்சி குடுப்பீக?”

“இதென்ன கேள்வி? ‘செலவு’ன்னு போட்டிருக்கணும்.”

அந்த ஒரு சொல்லைத்தான் யூசுப் அடிக்க மறுத்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தார். “அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. அந்த ராசிபலன் நான் எழுதுனது. ஜோசியருக்குக் குடுக்கப் பணம் இல்லாம, வாயில வந்ததை அடிச்சு வச்சேன்.”

அண்ணாச்சி சிரித்தார். கணக்கு எழுதும் ஆவுடைத்தாயும் சிரித்தாள். பதினைந்து வருஷமாக அந்தக் கம்பெனியின் பெட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவள் அவள். “அடிச்சது நீங்கதான். யாரு இல்லைன்னா?” என்றார் அண்ணாச்சி. “பஸ்ஸை டிரைவர்தான் ஓட்டுதாரு. எந்த ஊருக்குப் போகணும்னு அவரா முடிவு பண்ணுதாரு? இருபது வருஷமா எல்லாக் காலண்டரும் எனக்கு லாபம், சுகம், கீர்த்தின்னு பொய் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. உங்க காலண்டர்தான் உள்ளதைச் சொல்லுது. விரயம்னு போட்ட அன்னைக்கு வேன் டயர் ரெண்டு வெடிச்சுச்சு. ஏமாற்றம் அன்னைக்கு ஒரு லோடு திரும்பி வந்துருச்சு. நீங்க என்னடான்னா வாயில வந்துச்சுங்கீக.”

பக்ரீத்துக்குப் பிரியாணி அண்டை வீட்டிலிருந்துதான் வந்தது. பண்டிகை முடிந்த இரவே யூசுப் கம்ப்யூட்டரில் வருஷம் முழுவதையும் தேடினார். கன்னிக்குச் ‘செலவு’ வருவது ஒரே ஒரு நாள், அக்டோபர் இருபத்தொன்று, தீபாவளி. தன் கையாலேயே தன் பணத்தைப் ஒன்பது மாசத்துக்கு அந்தப் பக்கம் வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவருக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அதன்பிறகு செய்ததை யூசுப் யாரிடமும் சொன்னதில்லை. நாம் சொல்லலாம். ஜனவரி இருபத்தைந்து புதன்கிழமைத் தாளை எடுத்தார். கன்னிக்கு நேரே இருந்த ‘மறதி’யை அழித்துவிட்டுச் ‘செலவு’ என்று அடித்தார். மற்ற பதினொரு ராசியிலும் கை வைக்கவில்லை. தேவைக்கு மேல் பொய் சொல்வது பாவம் என்று நினைத்தார். அதே காகிதத்தில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடியாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். தாள்களைப் பிடிக்கிற தகடு லூசாக இருக்கிறது, முடுக்கித் தருகிறேன் என்று சொல்லிக் காலண்டரை இறக்கினார். தகட்டை நெம்பி, பின்னை உருவி, பழைய தாளை எடுத்துப் புதுத் தாளைச் சொருகி, மறுபடி தைத்து மாட்டினார். ஒரு நல்ல வேலைக்காரன் செய்கிற சுத்தம் அதில் இருந்தது.

“பாத்தியா ஆவுடைத்தாய், வித்ததுக்கு அப்புறமும் வந்து பாக்காரு” என்று அண்ணாச்சி மெச்சினார். யூசுப்புக்கு வெட்கத்தில் காது சுட்டது.

இருபத்தைந்தாம் தேதி முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். அண்ணாச்சி தாளைக் கிழித்தார், படித்தார், பெருமூச்சு விட்டார். “வந்துருச்சு பாய். இனிமே தடுக்க முடியாது. ஆவுடைத்தாய், பெட்டியைத் தொற.”

நோட்டுக் கட்டுகள் மேஜைக்கு வந்தன. ஆவுடைத்தாய் எச்சில் தொட்டு எண்ணினாள். யூசுப் கையை நீட்டினார். அண்ணாச்சி கட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“உங்க ராசி என்ன பாய்?”

“எங்களுக்கு அதெல்லாம் கிடையாது அண்ணாச்சி.”

“உங்களுக்கு அது கிடையாது, சரி. அதுக்கு நீங்க உண்டுல்ல. பொறந்தது எப்ப?”

சர்டிபிகேட்டில் இருந்தபடி மே இருபது என்று யூசுப் சொல்லித் தொலைத்தார்.

“வைகாசி. அப்ப ரிஷபம்.”

“நட்சத்திரம் வச்சுல்ல முதலாளி பாக்கணும்” என்றாள் ஆவுடைத்தாய்.

“நட்சத்திரம் தெரியாதவுகளுக்கு மாசம்தான்” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கண்ணாடியை மாட்டினார். விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். ரிஷபம், ‘இழப்பு’.

யூசுப் கொடுப்பவனைத் திருத்தியிருந்தார், வாங்குகிறவனைத் திருத்தவில்லை. “பரவாயில்லை அண்ணாச்சி, இழப்பை நான் தாங்கிக்கிடுதேன், குடுங்க” என்றார். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

“நீங்க தாங்குவீக. என் பணம் தாங்குமா? இழக்கப் போற கையில தெரிஞ்சே குடுக்கச் சொல்லுதீகளா? என்ன பாய் நீங்க.” அண்ணாச்சி நிஜமாகவே வருத்தப்பட்டார். கட்டுகள் மெதுவாகப் பெட்டியை நோக்கி நகர்ந்தன.

ஆவுடைத்தாய்க்குத்தான் மனசு கேட்கவில்லை. “முதலாளி, பாய் வீட்டுக்காரம்மா கையில குடுத்தா என்ன?”

“அவுக என்ன ராசி?”

குல்சார் எந்த மாசத்தில் பிறந்தாள் என்பது அவளைப் பெற்றவளுக்கே நிச்சயமில்லை. யூசுப் கண்ணை மூடினார். இருபத்தைந்தாம் தேதியின் பன்னிரண்டு சொல்லும் உள்ளே வரிசையாக ஓடின. மேஷம் அலைச்சல், மிதுனம் பகை, கடகம் நோய், சிம்மம் வழக்கு. இப்படியா ஒரு மனுஷன் எழுதுவான் என்று தன்னையே வைதுகொண்டு கீழே போனார். துலாத்தில் வந்து நின்றார். ‘தனலாபம்’. தாளில் ஒருத்தருக்காவது நல்லது போடுங்கள் என்று அடித்த அன்றைக்குக் குல்சார் அதட்டிப் போடவைத்தது.

“துலாம், அண்ணாச்சி. ஐப்பசி அடைமழையில பெத்தாகளாம்.”

அண்ணாச்சி பார்த்தார். முகம் மலர்ந்தது. “உடனே வரச் சொல்லுங்க. பன்னெண்டு மணிக்கு ராகு காலம்.”

பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, குல்சார் அடுப்பை அணைத்துவிட்டு பஸ் பிடித்து வந்து சேரும்போது பதினொன்றே முக்கால். என்ன ஏது என்று யாரும் அவளுக்கு விளக்கவில்லை. வவுச்சரைக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். பணம் அவள் கூடைக்குள் போயிற்று. அண்ணாச்சி அதோடு விடவில்லை. செலவு நாள் வீணாகக் கூடாதென்று அடுத்த வருஷத்துக்கு எட்டாயிரம் காலண்டருக்கு ஆர்டர் எழுதி, முன்பணமாகப் பத்தாயிரம் வைத்தார். எல்லாம் குல்சார் பேரில்.

“இனிமே கம்பெனி துலாம் பேருலேயே நடக்கட்டும் பாய். ரிஷபத்துக்கு இந்த வருஷம் சரியில்லை, நானும் தினம் பாக்கேன். நீங்க சம்பளத்துக்கு வேலையைப் பாருங்க. முதலாளியம்மா, இவருக்கு மாசம் எம்புட்டுக் குடுப்பீக?”

குல்சார் புருஷனைப் பார்த்தாள். “வேலையைப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் கூடை நடுவில் உட்கார்ந்தது. யூசுப் பழைய ஸ்டூலிலிருந்து தப்பித்துவிட்டார், அதில் சந்தேகமில்லை. ஆனால் தப்பித்து வந்து சேர்ந்த இடத்திலும் அவர் முதலாளி இல்லை. கோபப்படலாமா என்று பார்த்தார். வரவில்லை. எட்டு மாசத்தில் முதல் தடவையாக ஜன்னல் வழியே காடு கரை கண்ணுக்குத் தெரிந்தது.

“பேப்பர் கடைக்கு எம்புட்டு?” என்றாள் குல்சார்.

“அறுபது.”

“என்கிட்ட இருபதுன்னு சொன்னீக.”

“நீ பயந்துருவேன்னு.”

“அது போக?”

யூசுப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, குல்சாரிடம் காசை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

“அது போக யாருக்கு எம்புட்டு, சொல்லுங்க. சம்பளத்துக்கு இருக்கிற ஆளு கணக்கை மறைக்கக் கூடாது.”

சொல்ல ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் தவணை, அட்டைக்காரர், மசி வாங்கிய கடை, மச்சினன், மாடிப்படி வீட்டுக்காரர், வளையல் அடகு. ஒவ்வொரு பெயரும் வெளியே வர வர யூசுப்புக்கு நெஞ்சில் பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. உற்சாகமாகக்கூட இருந்தது. பெயருக்குப் பெயர் வட்டியையும் தானாகவே சேர்த்துச் சொன்னார். குல்சார் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாவது பெயருக்கு அவர் வாயெடுத்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கொஞ்சம் இருங்க” என்றாள். “முதலாளிக்கு வயித்தைக் கலக்குது.”