பெயர் மாற்றப்பட்டுள்ளது

பொது வாய்மொழித் தேர்வு என்றுதான் சுற்றறிக்கையில் போடுவார்கள். ஆனால் பொதுமக்களில் ஒருவர் அதற்கு வந்து உட்கார்ந்ததாக அந்தப் பெரம்பலூர் கல்லூரியில் சரித்திரமே கிடையாது. சமூகப்பணித் துறை மாணவர்களை வருகைப்பதிவைக் காட்டி மிரட்டி உட்கார வைப்பார்கள். அவர்களில் இரண்டு பேரிடம் முந்தின நாளே கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆக, பொதுமக்களும் கேள்வி கேட்டாயிற்று. அப்புறம் வடை, காபி.

அப்படிப்பட்ட கூட்டத்தில் குஞ்சம்மாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் கமலவேணிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கமலவேணிக்கு நாற்பத்து மூன்று வயது. பதினாறு வருஷமாக அந்தத் துறையில்தான் பாடம் எடுக்கிறாள். கல்லூரி வேலை, வீட்டு வேலை எல்லாம் போக மிச்ச நேரத்தில் ஏழு வருஷம் இழுத்த ஆராய்ச்சி இன்றைக்குக் கரை சேர்ந்தால்தான் முனைவர் பட்டம். கணவன் விட்டுப் போன பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது தலைப்பு. உடையார்பாளையம் பக்கத்து முந்திரி ஊர்களில் நாற்பது பெண்களிடம் பேசியிருந்தாள். நாற்பதில் உயிரான கதை குஞ்சம்மாளுடையது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் குஞ்சம்மாளின் புருஷன் வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போனான். போனவன் போனவன்தான். சொந்த ஊரில் தலை காட்டப் பிடிக்காமல் அவள் கைக்குழந்தையோடு யாரும் அறியாத ஊருக்கு வந்து முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையில் சேர்ந்தாள். வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார், நேரங்கெட்ட நேரத்தில் வந்து போவார் என்று தெருவில் சொல்லி வைத்தாள். தெரு நம்ப வேண்டுமே. அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் அவன் விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டாள். சட்டை நைந்து போனால் சந்தையில் அதே அளவில் இன்னொன்று வாங்கினாள்.

இதை அவள் ஏழாவது சந்திப்பில்தான் சொன்னாள். "உங்க பேரு எங்கயும் வராதுக்கா" என்று கமலவேணி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகு.

"இத எங்க டீச்சர் படிப்பீங்க?"

"ஒரு நாள் சபையில எல்லார் முன்னாடியும் படிப்பேன்."

"அன்னைக்கு எனக்கும் சொல்லுங்க. என் கதைய நானும் கேக்கணும்ல?"

தகவல் கொடுத்தவரைத் தேர்வுக்குக் கூப்பிடும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை என்று அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி பேராசிரியர் குருமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். கொடுத்த வாக்கை மீறக் கமலவேணிக்கு மனசு வரவில்லை. இப்போது பார்த்தால், குஞ்சம்மாளின் அதே ஊர்க்காரி, முதலாமாண்டு சண்முகப்பிரியா, "வாங்க அத்த" என்று பக்கத்தில் இடம் போட்டுக் கொடுக்கிறாள். "டீச்சரு நம்மூருக்கு மருத்துவ முகாமுக்கு வந்து பழக்கம், அதான் சும்மா பாக்க வந்தேன்" என்று குஞ்சம்மாள் சாமர்த்தியமாகச் சொன்னது மேடை வரை கேட்டது. கமலவேணிக்குப் பாதி மூச்சு வந்தது.

தேர்வு தொடங்கியது. திரையில் எழுத்து விழுந்தது. வளர்மதி, வயது 52, பெயர் மாற்றப்பட்டுள்ளது.

"வளர்மதி வெள்ளிக்கிழமைதோறும் ஓர் ஆண் சட்டையைத் துவைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி கொடியில் காயப்போட்டார்" என்று கமலவேணி படித்தாள். மாணவிகள் உச்சுக் கொட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குஞ்சம்மாள் மட்டும், அதுவரை சிரித்த முகமாக இருந்தவள், கல்லாகிப் போனாள்.

"பொதுமக்கள் யாராவது கேள்வி கேக்கலாம்" என்றார் குருமூர்த்தி, எழுதிக் கொடுத்து வைத்த பையனைப் பார்த்தபடி. அவன் எழுவதற்குள் குஞ்சம்மாள் எழுந்துவிட்டாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள் முன் நாற்காலியைப் பிடித்திருந்தன. 'அது நான்தான்' என்று இந்தம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்திரண்டு வருஷம் காத்த மானமும் போகும், ஏழு வருஷ ஆராய்ச்சியும் போகும்.

"அந்த அம்மாவுக்கு வளர்மதின்னு யாருங்க பேரு வச்சது?"

"நாந்தாங்க."

"வைக்கறதுக்கு முன்னாடி அதுங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அருமையான கேள்வி" என்று தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நெறிமுறைக் குழு, அனுமதிப் படிவம், ரகசியக் காப்பு என்று சொல்வதற்கு மனப்பாடமான பதில் கமலவேணியிடம் இருந்தது. வாயையும் திறந்தாள். அந்தக் கறுத்த விரல்கள் நாற்காலியை இன்னும் விடாமல் பிடித்திருப்பது கண்ணில் பட்டது.

"கேக்கல" என்றாள். "ஒரு பழைய வருகைப்பதிவேட்டை எடுத்து வச்சிக்கிட்டு, வரிசையா நாப்பது பேருக்கும் நானே பேரு வச்சேன். கேட்டிருக்கணும். அது என் தப்புதாங்க."

குருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். குஞ்சம்மாள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். தேர்வாளருக்கோ அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், பெயர் வைத்த விஷயத்தை மட்டும் ஒரு மாதத்துக்குள் திருத்திக் கொடுங்கள் என்றார். கைதட்டல், சால்வை, போட்டோ எல்லாம் முடிந்து கமலவேணி தேடியபோது பின்வரிசை காலியாக இருந்தது.

சால்வையோடே வாசலுக்கு ஓடினாள். குஞ்சம்மாள் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டீங்க? கோவமா?"

"வளர்மதிதான் டீச்சர் அவ பேரு."

"எவ பேரு?"

"அந்தாளு யாரக் கூட்டிக்கிட்டுப் போனாரோ, அவ பேரு."

கமலவேணி பதினொரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். அத்தனை நேரத்திலும் குஞ்சம்மாள் 'அவ' என்றுதான் சொன்னாள், ஒரு தடவைகூடப் பெயரை வாயில் எடுக்கவில்லை. யார் அந்த அவ என்று ஆராய்ச்சிக்காரி கேட்கவும் இல்லை.

"ஆம்பளைய எடுத்துக்கிட்டா. போவட்டும்னு வுட்டேன்" என்றாள் குஞ்சம்மாள். கண்ணில் நீர் வழிந்தது. "நான் பட்ட பாட்டையும் அவ பேருலயா எழுதறது? சட்டையத் தொவச்சுப் போட்டது நானு. அங்க அத்தினி பேரும் வளர்மதிக்கில்ல பாவப்படறாங்க."

கமலவேணியும் அழுதுவிட்டாள். படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எதற்கும் ஆகாமல் நின்றது. "மாத்திடறேன்க்கா. நீங்களே சொல்லுங்க, என்ன பேரு வைக்கட்டும்?"

"என் பேரையே வையி."

"அது முடியாதுக்கா. சண்முகப்பிரியா உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தா. கொடியில காயப்போட்ட சட்டையோட சமாச்சாரம் ஊருக்குத் தெரிஞ்சுடும். பையனுக்கு வேற பொண்ணு பாக்கறீங்க."

குஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப உன் பேர வையி."

சரி என்று சொல்லக் கமலவேணி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கமலவேணி, கணவனால் கைவிடப்பட்டவர். துறையில் என்ன பேசுவார்கள்? வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? மாமியார் காதுக்குப் போனால்? ஒரு நொடிதான். அதற்குள் இவ்வளவும் ஓடிவிட்டது.

"பாத்தியா" என்றாள் குஞ்சம்மாள். அதில் கோபம் இல்லை. "பேருதானேன்னு நெனச்சிட்ட. உனக்கே சொல்ல வரல." பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டு திரும்பினாள். "என்னமோ ஒண்ணு வையி தாயி. அவ பேரு மட்டும் வேணாம்."

திங்கட்கிழமை மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் போன் போட்டு, என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்க ஆரம்பித்தாள். குஞ்சம்மாளிடம் மட்டும் கேட்கவில்லை. அறுபத்தோரு இடத்தில் வளர்மதி இருந்தாள். மாற்றினாள்.

திருத்திய பிரதியைப் புரட்டிய குருமூர்த்தி, "என்னம்மா, உங்க பேரு வந்திருக்கு? டைப்பிங்ல தப்பாயிடுச்சா?" என்றார்.

"இல்ல சார். அது அவங்க வச்ச பேரு."

அவர் அந்தப் பக்கத்தை அவள் பக்கம் நகர்த்தி, படித்துக் காட்டச் சொன்னார். கமலவேணி வெள்ளிக்கிழமைதோறும் ஓர் ஆண் சட்டையைத் துவைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி... எத்தனையோ வகுப்பில், கருத்தரங்கில் தண்ணீர் பட்ட பாடாக அவள் சொன்ன வரிதான் அது. அன்றைக்கு அவளால் அதைப் படித்து முடிக்க முடியவில்லை.