எரிந்த பக்கத்துக் கப்புகள்

1

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதைத் தவிர, இந்தக் கதையை எழுத எந்தத் தகுதியும் இல்லை. மலேசியாவில், ஈப்போவில் என் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் குமுதா, காம்பார் பல்கலைக்கழகத்தில் தரை வண்டுகளை ஆராய்கிறாள். அவளுடைய மோட்டார் சைக்கிள் பழுதான அன்று, கோலா கங்சாருக்கு அப்பால் உள்ள ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். ஒரே ஒரு முறை என்று சொல்லித்தான் போனேன். அடுத்த முறையிலிருந்து, எப்போது கிளம்புகிறாய் என்று நானே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் வரி இப்படி இருந்தது: "காடு எரிந்த அன்று வானம் ரத்தச் சிவப்பாகி"

(அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் வெறும் புகைதான் என்கிறார்கள்.)

நடந்தது சாதாரணமானது. பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். தோட்டம் கைவிடப்பட்டதால் சருகு அப்படியே கிடந்தது. எங்கோ யாரோ குப்பை கொளுத்த, நெருப்பு சருகு வழியே ஓடி, காடாகிப்போன தோட்டத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டு, முனியாண்டி கோயிலுக்குச் சற்று முன்னால் அணைந்தது. கோயிலுக்கு இந்தப் பக்கம் கரி, அந்தப் பக்கம் பச்சை. இரண்டையும் ஒப்பிடத்தான் குமுதா வந்தாள்.

3

(கட்டுரை மாதிரி இருக்கும். தாண்டிப் போகிறவர்கள் நல்லதை இழப்பீர்கள்.)

தரை வண்டு ஒரு வேட்டைக்காரன். இரவில் ஓடி ஓடிப் புழு பூச்சிகளைப் பிடிக்கும். நெருப்பு வந்தால் முடிந்தவை மண் பிளவுகளில் இறங்கிவிடும். ஆபத்து தீர்ந்து மேலே வந்தால் ஒளிய இலை இருக்காது, தின்ன இரை இருக்காது. பச்சைப் பக்கத்து வண்டு நிற்கும், வளையும், திரும்பி வரும். கரிப் பக்கத்து வண்டு நேராக ஓடுகிறது என்றாள் குமுதா. ஒன்றைக் கரியில் விட்டு, முழங்காலால் தவழ்ந்தபடி அதன் பின்னாலேயே போனாள். எல்லாம் போன இடத்தில் நிற்காமல் ஓடும் அந்தச் சின்ன உயிரைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. மூக்கு நுனிவரை கரியோடு அதைத் துரத்தியவள்மேலும்தான்.

4

வண்டு பிடிக்க அவள் செய்தது இதுதான். இரண்டு பக்கமும் வரிசையாகப் பிளாஸ்டிக் கப்பை, வாய் தரையோடு சமமாக இருக்கும்படி புதைப்பாள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை. மழைக்கு மேலே நான்கு குச்சியில் ஒரு தட்டு. இரவில் ஓடும் வண்டு உள்ளே விழும், காலையில் எண்ணிவிட்டு விடுவிப்பாள். எரிந்த பக்கத்துக் கப்புகளில்தான் வண்டு அதிகம். நெருப்புக்குப் பிறகு வண்டுகள் அதிகம் அலைகின்றன என்பது அவள் முடிவு. அதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும்.

ஒரு நாள் சாயங்காலம், மறந்து வைத்துவிட்ட என் கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போனோம். கரியில் ஒருவர் குத்துக்காலிட்டு, ஒவ்வொரு கப்பிலும், முனியாண்டிக்குப் படைக்கும் கருப்பு பீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெயர் பத்துமலை. டவுனில் லாரி ஓட்டுகிறவர், வேலை முடிந்ததும் வந்து கோயிலைப் பார்த்துக்கொள்கிறார். எங்களைக் கண்டதும் எழுந்தார். அவர் முகத்தில் குற்றமே இல்லை.

"நெருப்பு சாமிகிட்ட வந்து நின்னுச்சிலா. மறுவாரம் பாத்தா வரிசையா கப்பு, மேல சின்னதா கூரை வேற. யாரோ நேந்துகிட்டு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். சாமி கப்பு காலியா கிடக்கலாமா? அதான் தெனமும் ஊத்துறேன்."

பீர் ஓட்டை வழியே வடிந்துவிடும், வாசனையைக் கரி மூடிவிடும், அதனால்தான் எங்களுக்குத் தெரியவே இல்லை. ஆனால் வண்டுகளுக்குப் பீர் வாசனை என்றால் உயிர். அப்படியென்றால் அவை வந்தது நெருப்பாலா, பீராலா? கப் கணக்குதான் அவள் ஆராய்ச்சியே. அடுத்த மாதம் அந்த நிலத்தை புல்டோசரால் தள்ளி, எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள். இன்னொரு நெருப்பை எங்கே போய்க் கேட்பது? குடித்தவன் நேராக ஓடி நான் பார்த்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

5

முடிவு, முதல் வரைவு: குமுதா யாரிடமும் சொல்லவில்லை. பட்டம் வாங்கினாள். (எழுதிய கையோடு மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்டது. கிழித்துவிட்டேன்.)

இரண்டாம் வரைவு: குமுதா பத்துமலையைப் பார்த்துக் கத்தினாள், அவர் போத்தலைக் கீழே போட்டு

(இல்லை. அப்படிப்பட்டவள் அல்ல.)

அவள் அங்கேயே நின்று பேராசிரியரை அழைத்து நடந்ததை முழுதாகச் சொன்னாள். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. பிறகு பத்துமலையிடம் திரும்பினாள்.

"அண்ணே, பச்சைப் பக்கத்துக் கப்புலயும் ஊத்துவீங்களா? இதே பீரு, இதே அளவு."

"அங்க நெருப்பே வரலியேமா. எதுக்கு ஊத்தணும்?"

"வரலல்ல. அதுக்குத்தான்."

அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூடவே நடந்து ஊற்றினார். கும்பிட்டுவிட்டுத்தான் ஊற்றினார்.

6

மறுநாள் காலை எரிந்த பக்கத்தை முதலில் எண்ணினாள். வழக்கம்போல நிறைய. இப்போது பச்சைப் பக்கத்தில் நிற்கிறோம். இந்தக் கப்புகளும் அதே அளவு நிறைந்திருந்தால், இத்தனை நாள் அவள் அளந்தது பீரை. குறைவாக இருந்தால் நெருப்பைப் பற்றி அவள் சொன்னது நிற்கும்.

முடிவை வாசகர் கையில் விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியாது. நான் எழுதினால் கப்பைக் காலியாக்கிவிடுவேன், எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். இதுவரை வாசித்த உங்களையும் நம்ப மாட்டேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கும் யாருடைய கையும் அந்தத் தட்டைத் தொடக்கூடாது. அப்படி நினைக்காத ஒரே ஆள் இங்கே அவள்தான்.

தள்ளி நில்லுங்கள். குமுதா குனிகிறாள்.