பனியில் உறையாத எண்ணெய்

என் தோழி லெம்பியின் கைகளைப் பார்த்தாலே எனக்குப் பாவமாக இருக்கும். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஹான்காக் ஊரில் ஏலக்காய் ரொட்டி என்றால் அவள் பிசைந்ததுதான். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் அந்த விரல்களெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் ரத்தம். கையுறை போட்டால் இன்னும் மோசமாகிவிடும். புண் ஆறினால்தான் மாவைத் தொடலாம் என்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார். ஈஸ்டருக்குள் ஆறாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வாராம்.

அந்தக் கைக்குப் பொருந்திய ஒரே களிம்பு நான் செய்வதுதான். என் சமையலறையில் தேன்மெழுகையும் ஜோஜோபா எண்ணெயையும் சேர்த்து உருக்கி, சின்ன டப்பாக்களில் ஊற்றி விற்கிறேன். எனக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த மனுஷன் தோட்டத்தை விற்றுவிட்டுப் போய்விட்டான். அவசரத்துக்கு வேறு எண்ணெய் வாங்கிக் களிம்பு செய்து கொடுத்தேன். லெம்பிக்கு எரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. சரியான கல்லுளிமங்கி! கை சிவந்து கிடந்ததை நானே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏண்டி, எரிஞ்சா சொல்லித் தொலைக்க மாட்டியா?"

"நீ ஆசையா செஞ்சு குடுத்தே அய்லி. எப்படிச் சொல்றது?"

இவளை என்ன செய்ய! எங்கள் ஊரே இப்படித்தான். பாயசத்தில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் நன்றி சொல்லிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

மூன்று கம்பெனிகளிடம் சாம்பிள் கேட்டேன். மூன்று சின்ன பாட்டில்கள் வந்தன, ஒவ்வொன்றோடும் சுத்தமான எண்ணெய் என்று ஒரு சான்றிதழும். சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எனக்குப் பரிசோதனைக்கூடம் சனிக்கிழமை வேர்க்க வேர்க்க உட்காரும் எங்கள் சூட்டு அறை, சௌனாதான். ஜோஜோபா பேருக்குத்தான் எண்ணெய், உண்மையில் அது மெழுகு. பனியில் புதைத்தால் கெட்டியாக உறையும். சூட்டில் வைத்தால் கெட்ட வாடை இல்லாமல் தெளியும். மலிவான எண்ணெயைக் கலந்திருந்தால் பனியிலும் தண்ணியாகவே கிடக்கும், சூட்டில் வேஷம் கலைந்துவிடும்.

மூன்று பாட்டில்களையும் சௌனா வாசலில் பனிக்குள் புதைத்துவிட்டு, நானும் லெம்பியும் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். வேர்த்து வழிந்ததும் வெளியே ஓடி வந்து தோண்டினேன். முதல் பாட்டில் தளும்பியது. இரண்டாவது பாதிக் கூழாக இருந்தது. உள்ளே கொண்டுபோய்ச் சூடு காட்டியதும் பழைய வடைச்சட்டி நாற்றம் அடித்தது. மூன்றாவதைக் கவிழ்த்தேன். அசையவே இல்லை! வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. சூட்டில் அழகாகத் தெளிந்தது. லெம்பியின் புறங்கையில் தடவிவிட்டுக் காத்திருந்தேன்.

"எரியுதா?"

"ம்ஹூம்."

"நெஜமாவா, இல்ல என் மனசு நோகும்னு சொல்றியா?"

"நெஜமாதான்டி."

அவளைக் கட்டிக்கொண்டேன். மறுநாளே அந்தக் கம்பெனியில் ஒரு கேன் எண்ணெய்க்குச் சொல்லிவிட்டேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்த நம்பிக்கைதான்.

கேன் வந்தது. அதே லேபிள், அதே நிறம். என் கை சும்மா இருக்குமா? ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பனிக்குள் வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் எண்ணெய் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கோபம் கொஞ்சம் தணிந்ததும் வேறொரு கேள்வி குடையத் தொடங்கியது. அப்படியானால் அந்த உறைந்த பாட்டில் எங்கிருந்து வந்தது? பதம் பார்க்கக் கொடுத்த சோறு வேறு யார் பானையில் வெந்தது?

கம்பெனிக்குப் போன் போட்டு, பக்கத்தில் இருந்த லெம்பியும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தேன். ட்ரெவர் என்று ஒரு விற்பனைக்காரன், குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், இயற்கைப் பொருள்னா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும்."

"யார்கிட்ட காது குத்துறே? அது உறையவே இல்லப்பா!"

"ஒருவேளை உங்க ஊர்ப் பனி..."

எங்கள் பனியையே குறை சொல்கிறான்! நான் கத்தத் தொடங்குவதற்குள் லெம்பி கட்டுப்போட்ட கையால் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த சாம்பிள் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்லை.

எங்கள் ஊரில் பேச்சு நின்றுபோனால் யாரும் பதற மாட்டார்கள், இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக்கொள்வார்கள். லெம்பியும் ஊற்றிக்கொண்டாள். ட்ரெவர் எங்கள் ஊர்க்காரன் இல்லையே.

"ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மறுபடி மௌனம். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க கிடங்கிலேருந்துதான் வந்துச்சு மேடம்."

லெம்பி காப்பியை ஊதினாள்.

"அதாவது... கிடங்குல அதுக்குன்னு தனியா வச்சிருப்போம்."

ஒரு வாய் குடித்தாள்.

"ஐயோ, சரி மேடம்! சாம்பிளுக்கு மட்டும் வெளிய வாங்குவோம். எல்லாரும் பண்றதுதான். அரிசோனாவுல ஓராலியான்னு ஒரு அம்மா, சின்னத் தோட்டம் வச்சிருக்காங்க. நம்பர் தர்றேன். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

லெம்பி நம்பரை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்தாள்.

"அடிப்பாவி!" என்றேன். "அவன் குடும்ப ரகசியத்தையும் கேட்டிருக்கலாமே!"

உடனே ஓராலியாவைக் கூப்பிட்டேன். தன் பேர் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கம்பெனிப் பெயரை மட்டும் சொன்னேன்.

"ஓ, அவங்களா! பல வருஷமா மாசாமாசம் ஒரே ஒரு சின்ன பாட்டில் வாங்குவாங்கம்மா. அங்க வேலை பாக்குற யாருக்கோ தோல் ரொம்ப மோசம் போலிருக்குன்னு நெனச்சுக்குவேன். பாவம், இப்ப ஆறிடுச்சா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். லெம்பி சிரிக்கவில்லை. போன் பக்கம் குனிந்தாள்.

"இல்லம்மா. அந்தக் கை இங்கதான் இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "விலாசம் சொல்லு கண்ணு, இன்னைக்கே அனுப்புறேன்" என்றார்.

அவர் அனுப்பிய கேனிலிருந்தும் ஒரு கிண்ணம் எடுத்துப் பனியில் வைத்தேன். நல்ல மனுஷிதான், இருந்தாலும் பார்த்துவிட வேண்டாமா? கல்லாக உறைந்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் லெம்பி ரொட்டியோடு வந்தாள். கையில் கட்டு இல்லை, விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எரிச்சல் ஏதும் இல்லையேடி?"

"இருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள். பிறகு என் களிம்பு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். "வாசனைதான் சகிக்கல. அத மாத்து."