முகம் மறைத்த வரிசை

செய்தி சேனலில் படத்தொகுப்பு வேலை பார்ப்பவளுக்கு முகங்களைப் பார்க்க ஏது நேரம்? மறைக்கவே நேரம் போதாது. நகரத்தில் எவர் தலைகுனிந்து நின்றாலும் அவர் முகத்தில் ஒரு மங்கல் வட்டம் போட வேண்டும். போட்டுவிட்டால் போதும், முகம் போகிற பக்கமெல்லாம் அதுவும் போகும். இலவசச் சாப்பாட்டுக்கு நிற்கும் வரிசை என்று காலையில் வந்த காட்சிக்கும் மளமளவென்று வட்டங்களைப் போட்டு அனுப்பிவிட்டு, அவள் நிம்மதியாகக் கேன்டீனுக்குச் சாப்பிட வந்தாள்.

சுவர் டிவியில் அதே வரிசை ஓடிக்கொண்டிருந்தது. தன் கைவேலையைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? முகங்கள் இல்லாததால் கண் கைக்கும் பைக்கும் போனது. ஒரு பெரியவரின் தோளில் நீலப் பை. அறுந்த வாரைச் சிவப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. வேறு நூல் கிடைக்காமல் அந்தச் சிவப்பு நூலைக் கோத்துத் தைத்தவளே அவள்தான்.

அப்பாவின் பை.

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். அண்ணன் வீட்டில் அப்பா வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பேப்பர் படித்து, ராஜா மாதிரி இருக்கிறார் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள்? அப்படி நினைப்பது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. எச்சில் கையைக்கூடக் கழுவாமல் போன் போட்டாள்.

"அப்பா, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. உங்கண்ணி வேலைக்குப் போறப்பவே எல்லாம் செஞ்சு வச்சிட்டுப் போயிட்டா. வயிறு நெறைய சாப்ட்டேன். நீ?"

அவர் குரலுக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

"சாப்ட்டுட்டு இருக்கேன்ப்பா."

"நேரத்துக்குச் சாப்புடு. வேலை எங்கயும் ஓடிடாது."

போனை வைத்தபோது செய்தி ஆசிரியர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "உன் வரிசை நல்லா வந்திருக்கும்மா. சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு செய்தியிலயும் ஓடட்டும்னு சொல்லிட்டேன்."

"சார், அத எடுத்துடலாமா?"

"ஏன், யார் முகமாவது தெரியுதா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், கேன்டீன் முழுக்க அந்த நீலப் பையைத் திரும்பிப் பார்க்கும்.

"இல்ல சார். யார் முகமும் தெரியல."

டிவியில் நீலப் பைக்காரரின் முறை வந்தது. தட்டை நீட்டுவதற்கு முன்னால், தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பவரைப் போல அவர் இடமும் வலமும் திரும்பினார். அவள் போட்ட வட்டமும் அவரோடு இடமும் வலமும் திரும்பியது.