கடைசிப் பாத்தி

எண்ணெய்க் குப்பியை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட கிர்ஸ்டன், கையை வெளியே எடுக்கவே இல்லை.

"குடும்மா சகோதரி," என்றார் மூப்பர் எலாம். "நாங்க என்ன, அவனைக் கொல்லவா வந்திருக்கோம்?"

"சுகமாகணும்னு ஜெபிக்கிறதா இருந்தா தர்றேன். அனுப்பி வைக்கிற ஜெபத்துக்குத் தரமாட்டேன்."

கட்டிலில் ஆசகேல் முனகினார். வாய்க்காலின் தலைமடையில் பாறை உருண்டு இடுப்பை நசுக்கியதிலிருந்து அந்த முனகல் ஓயவில்லை. வெறும் புதர்க்காடாகக் கிடந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு மலைத் தண்ணீரை முதன்முதலில் இறக்கிக் கொண்டுவந்த மனிதர். ஊரில் பாதி வீட்டுச் சோளம் அவர் வெட்டிய வாய்க்காலில் விளைந்தது. இப்போது அவர் தொண்டையில் ஒரு கரண்டி சோளக்கஞ்சி இறங்க மறுத்தது.

பிழைக்கமாட்டார் என்று ஆகிவிட்டால் மூப்பர்கள் வந்து, எண்ணெய் தொட்டு, அந்த உயிரைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுப்பார்கள். வீட்டார் எல்லோரும் ஒருமனதாக ஆமென் சொல்ல வேண்டும். ஒருத்தர் மனசு இழுத்துப் பிடித்தாலும் போதும், உயிர் இருக்கவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் நடுவில் கிடந்து வதைபடும் என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை.

கிர்ஸ்டனுக்கு அது நம்பிக்கை மட்டுமல்ல, கண்ணால் கண்டது. டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்து, சபையாரோடு கைவண்டி இழுத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கை நோக்கிச் சமவெளியைக் கடந்தபோது, பனியில் அவள் அம்மா படுத்துவிட்டாள். மூப்பர்கள் ஜெபித்தார்கள். சிறுமி கிர்ஸ்டன் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த மறுகணம் அம்மாவின் மூச்சு நின்றது. அப்புறம் அந்தச் சொல்லை அவள் சாதாரணமாகச் சொன்னதே இல்லை, பாவம்.

"இவளுக்கு முன்னாடி நான் அவருக்குப் பொண்டாட்டி," என்றாள் மூத்தவள் திர்சா, துணியை நனைத்து ஆசகேலின் நெற்றியில் போட்டபடி. "நானே விடுங்கன்னு சொல்றேன். இவ யாரு பிடிச்சு வைக்க?"

"உங்களுக்கென்ன அக்கா, உங்க பிள்ளைங்க தோளுக்கு மேல வளர்ந்தாச்சு. என் வயித்துல இருக்கிறது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டாமா?"

திர்சா துணியைத் திருப்பிப் போட்டாள்.

வெளியே மடைக்காரரின் குரல் கேட்டது. "ஆசகேல் வீட்டு முறைத் தண்ணி! யாராவது வர்றீங்களா?"

"நான் போய்ப் பாய்ச்சிட்டு வர்றேன்," என்று எழுந்தார் எலாம்.

ஆசகேல் கண்ணைத் திறந்தார். "நீயா? நீ தண்ணி பாய்ச்சினா தவளைக்குத்தான் கல்யாணம்."

எலாம் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

"கிர்ஸ்டன். நீ போ. கடைசிப் பாத்தி வரைக்கும் ஏறணும். நீ நின்னாத்தான் ஏறும்."

"நான் எங்கயும் போகல."

"சோளம் காயுதுடி," என்றார். கெஞ்சுவது போலிருந்தது. அவர் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை.

கதவருகே நின்று திரும்பினாள். "அக்கா, நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்கக் கூடாது."

"போ," என்றாள் திர்சா.

மடைப்பலகையைத் தூக்கியதும் தண்ணீர் புழுதியை உருட்டிக்கொண்டு வந்தது. கிர்ஸ்டன் மண்வெட்டியால் வரப்பை வெட்டினாள், அடைத்தாள், அடுத்ததை வெட்டினாள். குனியும்போதெல்லாம் பையிலிருந்த குப்பி தொடையில் இடித்தது. எண்ணெய் தன்னிடம் இருக்கிறது, ஆமெனும் தன்னிடம் இருக்கிறது. அதுவரை அவர் இருப்பார். சீக்கிரம் முடித்துவிட வேண்டும். ஆனால் தண்ணீரை யார் விரட்ட முடியும்? வெடித்த மண் ஒவ்வொரு விரிசலாகக் குடித்து, நிறைந்து, பிறகுதான் வழிவிட்டது. அவள் வீட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், மறுபடி வீட்டைப் பார்த்தாள்.

வரப்பின் மேல் திர்சா வந்துகொண்டிருந்தாள். வெயில் தொப்பி இல்லாமல் அவள் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லடி."

"எண்ணெய் என்கிட்டதான் இருக்கு," என்று குப்பியை எடுத்துக் காட்டினாள் கிர்ஸ்டன். "பாருங்க, மூடியைக்கூடத் திறக்கல."

"யாரும் ஒண்ணும் ஆரம்பிக்கல. எலாம் முழங்கால் போடக்கூட இல்ல. நம்மவருதான் கண்ணைத் திறந்து, தண்ணி எது வரைக்கும் வந்திருக்குன்னு கேட்டாரு. ஜன்னல் வழியா பார்த்து, பாதி தாண்டிடுச்சுன்னேன். நல்லதுன்னாரு." திர்சா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவுதான், மூச்சு அடங்கிடுச்சு. உன்னையும் கேக்கல, என்னையும் கேக்கல."

கிர்ஸ்டன் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே ஜெபிச்சிருந்தாலும்," என்றாள் திர்சா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்கு அந்த ஆமென் வந்திருக்காதுடி."

பார்க்க ஆளில்லாமல் தண்ணீர் வரப்பு மேலேறி இருவர் காலையும் நனைத்தது. கிர்ஸ்டன் அசையவில்லை. திர்சாதான் அவள் கையிலிருந்த மண்வெட்டியை மெல்ல வாங்கினாள்.

"முறை இன்னும் முடியல," என்றாள்.

கடைசி வரப்பை வெட்டிவிட்டாள். தண்ணீர் ஒரு வைக்கோல் துரும்பை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. காய்ந்த மண் அதைச் சத்தமாக உறிஞ்சியது. துரும்பு நின்றது, சுற்றியது, மறுபடி நகர்ந்தது. மூலையிலிருந்த கடைசிச் செடியின் தூரை அது போய்த் தொடும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.